பொறியியல் முடித்தபின் சமூகத்தைப் படிக்கலாமா?

கேள்வி: மின்னணுப் பொறியியலில் இறுதியாண்டு படிக்கிறேன். அறிவியலும் தொழில்நுட்பமும் சமூகத்தை எவ்வாறு உருவாக்குகின்றன என்பதைப் பல்கலைக்கழகத்தில் முறையாகப் படிக்க விரும்புகிறேன். “நாலு வருஷம் பணம் கட்டிப் படித்துவிட்டு ஆர்ட்ஸுக்குப் போவதா?” என்கிறார் அப்பா. இது உண்மையிலேயே ஒரு துறைதானா? எங்கே படிக்கலாம்? வேலை கிடைக்குமா?
– வாசகி, கரூர்

பதில்: துறைதான், ‘அறிவியல், தொழில்நுட்ப ஆய்வுகள்’ (Science and Technology Studies) என்பது அதன் பெயர். ஒருவேளை உங்கள் அப்பாவைவிட மூத்த துறையாகவும் இருக்கலாம். எடின்பரோ பல்கலைக்கழகம் 1966இல் இதற்கென ஒரு தனிப் பிரிவைத் தொடங்கியது. அதன் முதல் இயக்குநரான டேவிட் எட்ஜ் ரேடியோ வானியலிலிருந்து வந்தவர். ஆகவே, அறிவியல் படித்தவர் இங்கே வருவதைத் தடம் புரள்வதாக எவரும் கருதுவதில்லை.

என்ன கற்பிப்பார்கள் என்று அப்பா கேட்டால் சைக்கிளைச் சொல்லுங்கள். முன்சக்கரம் மிக உயரமாகவும் பின்சக்கரம் சிறிதாகவும் இருந்த பழைய சைக்கிள், சாகசம் விரும்பிய இளைஞர்களுக்குப் பெருமைக்குரிய வண்டியாகவும், நீண்ட அங்கி அணிந்த பெண்களுக்கும் முதியவர்களுக்கும் ஏறவே அஞ்சும் ஆபத்தாகவும் ஒரே காலத்தில் இருந்தது. 1888இல் டன்லப் காற்று டயருக்குக் காப்புரிமை பெற்றபோது, அது குலுக்கலைக் குறைக்கும் ஏற்பாடாகவே பார்க்கப்பட்டது. குலுக்கலைப் பொருட்படுத்தாத பந்தயக்காரர்கள் அதைக் கேலி செய்தார்கள், பந்தயங்களில் அது வெல்லத் தொடங்கியதும் அவர்களே தேடிப் போனார்கள். இரு சக்கரமும் ஒரே அளவான, காற்று டயர் பூட்டிய இன்றைய வடிவம் ஏன் நிலைத்தது என்பதற்கான விடை உலோகத்திலும் ரப்பரிலும் மட்டும் இல்லை; யார் ஓட்டினார்கள், எதற்காக ஓட்டினார்கள் என்பதிலும் இருக்கிறது. நம் பக்கத்திலும் சான்று உண்டு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின்போது பெண்கள் பெருந்திரளாகச் சைக்கிள் கற்றார்கள். அவர்களில் சிலர் ஆண்கள் சைக்கிளையே விரும்பினார்கள். காரணம், அதன் குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம்.

படிக்கும் இடங்களைப் பொறுத்தவரை, இந்தப் பெயரிலேயே முதுகலை வழங்கும் நிறுவனங்கள் இந்தியாவில் அரிது. சமூகவியலிலோ வளர்ச்சி ஆய்விலோ வரலாற்றிலோ முதுகலை முடித்துவிட்டு, முனைவர் பட்டத்துக்கு இத்துறைக்குள் நுழைவதே வழக்கமான பாதை. டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் அறிவியல் கொள்கை ஆய்வு மையம் இதில் நெடுநாள் பெயர்பெற்றது; சென்னை ஐஐடியின் மனிதவியல் (ஹியூமானிட்டீஸ்), சமூக அறிவியல் துறையையும் பாருங்கள். பொறியியல் மேற்படிப்புக்கான கேட் (GATE) தேர்விலேயே 2021 முதல் இந்தப் பாடங்களுக்கென ஒரு தாள் இருக்கிறது, சமூகவியல் அதில் ஒரு பிரிவு. கேட் எழுதப் போகிறேன் என்றால் அப்பாவின் கோபமும் பாதி தணியும். பிரிட்டனில் எடின்பரோ, சசெக்ஸ் போன்ற இடங்களில் ஓராண்டு முதுகலை உண்டு. ஆனால் உதவித்தொகை இல்லாமல், வீட்டை அடமானம் வைத்து அதற்குப் போவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

வேலை கிடைக்கும், ஆனால் கேம்பஸ் இன்டர்வியூவில் கிடைக்காது. கொள்கை ஆய்வு நிறுவனங்கள், நுகர்வோர் மற்றும் சுற்றுச்சூழல் அமைப்புகள், அறிவியல் இதழியல், கல்லூரி ஆசிரியப் பணி ஆகியவையே வாய்ப்புகள். முதல் சில ஆண்டுகளில் மென்பொருள் நிறுவனத்துக்குப் போன உங்கள் வகுப்புத் தோழியைவிடக் குறைவாகவே சம்பாதிப்பீர்கள், இதை அப்பாவிடம் இப்போதே சொல்லிவிடுவது நல்லது. உங்கள் பொறியியல் இங்கே வீணாகாது. ரேஷன் கடையில், காலமெல்லாம் செங்கல் சுமந்து ரேகை தேய்ந்த விரலை இயந்திரம் ஏற்க மறுக்கும்போது, அது ஏன் மறுக்கிறது என்பதும் தெரிந்து, மறுத்தால் அரிசி இல்லை என்ற விதியை யார் எழுதினார்கள் என்றும் கேட்கத் தெரிந்தவர்கள் குறைவு.

எனக்குள்ள ஒரே தயக்கம், நீங்கள் பொறியியல் அலுத்துப்போய் இதைத் தேடுகிறீர்களோ என்பதுதான். இத்துறையில் வாசிப்பும் எழுத்தும் மிக அதிகம். சூத்திரம் போட்டு விடை காணும் வசதி இங்கே இல்லை. விண்ணப்பிக்கும் முன், உங்கள் தெரு ரேஷன் கடையில் சில காலைப் பொழுதுகள் நின்று, அந்த இயந்திரத்துக்கும் விற்பனையாளருக்கும் வரிசையில் நிற்பவர்களுக்கும் இடையே நடப்பதைக் கவனித்துப் பத்துப் பக்கம் எழுதிப் பாருங்கள். இயந்திரத்தைக் கழற்றிப் பார்க்க மட்டுமே கை துறுதுறுத்தால் எம்.டெக். போதும். பத்துப் பக்கம் போதவில்லை என்றால், நேர்காணலுக்குப் போகும்போது அந்தத் தாள்களையும் எடுத்துச் செல்லுங்கள்.