இந்தியாவைப் பற்றிய பொது அறிவை மறக்காமல் படிப்பது எப்படி?

கேள்வி: குரூப் 4 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். இந்திய வரலாறு, புவியியல், அரசியலமைப்பு எல்லாவற்றையும் ஒரு வரி வினா விடையாக மனப்பாடம் செய்கிறேன். ஒரே வாரத்தில் மறந்துபோகிறது. வேறு வழி இருக்கிறதா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

உங்கள் ஊரிலிருந்து தொடங்குங்கள். நான் கடலூர்க்காரன், மஞ்சக்குப்பத்தில் மாலை நேரத்தில் போட்டித் தேர்வுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவன். அதனால் கடலூரையும் பக்கத்துப் பாண்டியையும் வைத்தே சொல்கிறேன். நீங்கள் சேலமோ தூத்துக்குடியோ, அங்கேயும் இதே மாதிரி தோண்டிப் பார்க்கலாம்.

ஒரு வரி வினா விடைப் புத்தகத்தில் விடை இருக்கும், அது ஏன் அப்படி ஆனது என்பது இருக்காது. காரணம் தெரியாத ஆண்டு தலையில் தங்காது. காரணம் தெரிந்துவிட்டால் ஒரு விடையைப் பிடித்து இழுத்தாலே நாலு விடை கூட வரும்.

முதலில் அரசியலமைப்பு. பெரும்பாலானவர்கள் பயப்படுகிற பகுதி இதுதான். கடலூரிலிருந்து பாண்டி பஸ் ஏறினால் தென்பெண்ணைப் பாலம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் முள்ளோடை. அங்கே தமிழ்நாடு முடிந்து புதுச்சேரி தொடங்குகிறது. ஒயின் ஷாப் போர்டுகள்தான் எல்லைக்கல். மொழி ஒன்று, சாப்பாடு ஒன்று, பாதிப் பேருக்குச் சொந்தக்காரர்கள் இந்தப் பக்கம்தான். அப்படியிருக்க அது மட்டும் ஏன் தனி யூனியன் பிரதேசம்? இந்த ஒரு கேள்விக்கு முழு விடை தேடினால் பாடத்திட்டத்தில் ஒரு பெரிய துண்டு முடிந்துவிடும்.

1947-இல் வெள்ளைக்காரன் போனான் என்கிறோம். போனது ஆங்கிலேயன் மட்டும். பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம், வங்காளத்தில் சந்திரநாகூர் என்று ஐந்து இடத்தில் இருந்தார்கள். போர்த்துக்கீசியர்கள் கோவா, டாமன், டையூ, தாத்ரா நகர் ஹவேலியில் இருந்தார்கள். மக்கள் கருத்தைக் கேட்டு முடிவு செய்வது என்று பிரான்சோடு 1948-இல் உடன்பாடு ஆனது. சந்திரநாகூர் 1949-இலேயே இணைப்புக்கு வாக்களித்து 1950-இல் இந்தியாவோடு சேர்ந்தது. பின்னாளில் மேற்கு வங்கத்தோடு இணைந்தது. புதுச்சேரி இழுத்தடித்தது. 1954 அக்டோபர் 18-ஆம் தேதி கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். இணைப்புக்கு ஆதரவு 170, எதிர்ப்பு 8. நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் இந்தியா கைக்கு வந்தது. 1956 மே மாதம் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆனால் அல்ஜீரிய விடுதலைப் போர்ச் சிக்கலில் மாட்டிக்கொண்டிருந்த பிரான்சின் நாடாளுமன்றம் 1962-இல்தான் அதற்கு ஒப்புதல் தந்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 16 சட்டப்படியான இணைப்பு நாள்.

புதுச்சேரி எப்போது இணைந்தது என்ற கேள்வியில் மாணவர்கள் குழம்புவது இந்த இரண்டு தேதியில்தான். நிர்வாகம் கைமாறியது 1954, சட்டப்படி கைமாறியது 1962. இடையில் எட்டு ஆண்டு பாரிஸ் தாமதித்தது என்ற கதை தெரிந்தவருக்குக் குழப்பமே வராது.

இப்போது அரசியலமைப்புத் திருத்தங்களைப் பாருங்கள். 10-வது திருத்தம் (1961) தாத்ரா நகர் ஹவேலி. 12-வது திருத்தம் (1962) கோவா, டாமன், டையூ. 14-வது திருத்தம் (1962) புதுச்சேரி. நடுவில் 13-வது திருத்தம் நாகாலாந்து மாநிலத்துக்கானது. அந்நியரிடமிருந்து ஒவ்வொரு துண்டாக வந்துசேர வந்துசேர, மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களைப் பட்டியலிடும் முதல் அட்டவணையில் அதற்கு ஓர் இடம் எழுத வேண்டியிருந்தது. அவ்வளவுதான் விஷயம். இதைத் தெரிந்துகொண்டு 10, 12, 14 படித்தால் அது எண் விளையாட்டாகத் தெரியாது.

அதே 14-வது திருத்தம்தான் 239அ என்ற உறுப்பையும் கொண்டுவந்தது. யூனியன் பிரதேசத்துக்கும் நாடாளுமன்றம் சட்டமியற்றி ஒரு சட்டமன்றம் கொடுக்கலாம் என்பது அதன் சாரம். அதில் அப்போது இமாச்சலப் பிரதேசம், மணிப்பூர், திரிபுரா, கோவா, புதுச்சேரி எல்லாம் இருந்தன. இமாச்சலம் 1971-இல் மாநிலம் ஆனது, மணிப்பூரும் திரிபுராவும் 1972-இல், கோவா 1987-இல். கடைசியில் அந்த உறுப்பில் புதுச்சேரி மட்டும் மிஞ்சியது. டெல்லிக்கு வழி வேறு: 69-வது திருத்தம் (1991), உறுப்பு 239அஅ. ஜம்மு காஷ்மீர் 2019-இல் யூனியன் பிரதேசம் ஆனபோது, புதுச்சேரிக்குப் பொருந்தும் 239அ அங்கும் பொருந்தும் என்று மறுசீரமைப்புச் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். ஆக, சட்டமன்றம் உள்ள யூனியன் பிரதேசங்கள் மூன்று. மொத்தம் 8 யூனியன் பிரதேசங்கள், 28 மாநிலங்கள். 2020 ஜனவரி 26-இல் தாத்ராவையும் டாமனையும் ஒன்றாக்கியதால் 9 என்பது 8 ஆனது. பழைய கைடுகளில் இன்னும் 7, 29 என்று இருக்கும். அந்தக் கைடைப் பேப்பர்காரரிடம் போட்டுவிடுங்கள்.

சரி, மாஹே கேரளாவுக்குள், ஏனாம் ஆந்திராவுக்குள் இருக்கிறது. ஆனால் புதுச்சேரி சட்டமன்றத்துக்கு உறுப்பினரை அனுப்புகிறது. இதுவும் பிரெஞ்சு ஆட்சி விட்டுப்போன வால்தான். காரைக்காலைக் கவனியுங்கள். காவிரி நடுவர் மன்றத்தில் தமிழ்நாடு, கர்நாடகம், கேரளத்தோடு புதுச்சேரிக்கு என்ன வேலை என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். காரைக்கால் காவிரிக் கடைமடையில் இருக்கிறது, அதுதான். 2007 இறுதித் தீர்ப்பில் தமிழ்நாட்டுக்கு 419 டிஎம்சி, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் கர்நாடகத்துக்கு 14.75 டிஎம்சி கூட்டியது. அதனால் தமிழ்நாடு 404.25 ஆனது, கர்நாடகம் 284.75. மற்ற இரண்டும் மாறவில்லை. கூட்டிய எண்ணை மட்டும் நினைவில் வைத்தால் போதும், மீதி கழித்தல் கணக்கு.

வரலாற்றுக்கு வருவோம். கர்நாடகப் போர்கள் மூன்று, உடன்படிக்கைகள் மூன்று என்று அட்டவணை போட்டுப் படித்திருப்பீர்கள். தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்குப் போகிறவர்களில் எத்தனை பேர் பக்கத்திலேயே கெடிலக் கரையில் செயின்ட் டேவிட் கோட்டை இருந்த இடத்தைப் பார்த்திருப்பார்கள்? இப்போது அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் 1690-இல் ஆங்கிலேயர்கள் இந்தக் கோட்டையை மராத்தியரிடமிருந்து வாங்கிய விதம் வேடிக்கை. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு போய் விழுகிற தூரம் வரைக்கும் உள்ள ஊர்கள் எல்லாம் வாங்கியவருக்கு என்று பேச்சு. ஆங்கிலேயர்கள் சும்மா இருப்பார்களா, நல்ல பீரங்கியாகக் கொண்டுவந்து சுட்டார்கள். அந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்று பெயர் வந்தது. குண்டு உப்பலவாடி இன்றைக்கும் இருக்கிறது, டவுன் பஸ் போகிறது.

1746-இல் பிரெஞ்சுத் தளபதி லா போர்டோனாய் சென்னையைப் பிடித்ததும் ஆங்கிலேயர்களின் சோழமண்டலக் கடற்கரைத் தலைமையிடம் எங்கள் கடலூருக்குத்தான் வந்தது. 1752 வரை இங்கே இருந்தது. சென்னையிலிருந்து தப்பி வந்த இளைஞர்களில் ஒருவர் ராபர்ட் கிளைவ். பாண்டியில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளே, கடலூரில் ஆங்கிலேயர், நடுவில் ஒரு ஆறு. இதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். ஐரோப்பாவில் ஆஸ்திரிய வாரிசுரிமைப் போர் நடந்ததால் இங்கே முதல் போர். அங்கே அய்-லா-சப்பேல் உடன்படிக்கை (1748) ஆனதால் இங்கேயும் நின்றது. அதன்படி சென்னை ஆங்கிலேயருக்குத் திரும்பியது, பதிலுக்கு வட அமெரிக்காவில் லூயிஸ்பர்க் பிரான்சுக்குப் போனது. நம் ஊரை எங்கேயோ இருக்கும் இன்னொரு ஊருக்குப் பண்டமாற்று செய்திருக்கிறார்கள்! இரண்டாவது போருக்குக் காரணம் ஐரோப்பா கிடையாது. ஹைதராபாத்திலும் ஆற்காட்டிலும் அரியணைக்கு நடந்த சண்டை. அதனால்தான் அதன் உடன்படிக்கையும் இங்கேயே, புதுச்சேரியில் ஆனது. மூன்றாவது மறுபடியும் ஐரோப்பா, ஏழாண்டுப் போர். 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கடலூர்க் கோட்டையைப் பிடித்து இடித்தார். 1760 ஜனவரியில் வந்தவாசியில் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டிடம் தோற்றார். மறு ஆண்டு பாண்டியை ஆங்கிலேயர் இடித்தார்கள், பழிக்குப் பழி. 1763 பாரிஸ் உடன்படிக்கையில் முடிந்தது. போரின் காரணம் எந்தக் கண்டத்தில் இருந்தது என்று பாருங்கள், உடன்படிக்கையின் பெயர் தானாக வரும்.

பாரதியார் 1908-இல் ஏன் புதுச்சேரி போனார்? ஆங்கிலச் சட்டம் அங்கே செல்லாது. அரவிந்தர் 1910-இல் முதலில் சந்திரநாகூரில் மறைந்திருந்து, பிறகு புதுச்சேரி வந்ததும் அதே காரணத்தால்தான். ஒரு பிரெஞ்சு ஊரிலிருந்து இன்னொரு பிரெஞ்சு ஊர். 1918 நவம்பரில் பாரதி எல்லையைத் தாண்டியதும் கைதானார், அடைத்தது கடலூர் சிறையில். இதில் தனியாக மனப்பாடம் செய்ய ஒன்றுமே இல்லை.

புவியியலில் ஒன்றிரண்டு மட்டும் சொல்கிறேன். நாடு முழுக்க ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை என்றால், நமக்கு மட்டும் ஏன் ஐப்பசி, கார்த்திகை? தென்மேற்குக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி அந்தப் பக்கமே கொட்டிவிடும், நாம் மழை மறைவுப் பக்கம். அக்டோபருக்குப் பிறகு காற்று வடகிழக்கிலிருந்து திரும்பி வரும்போது வங்கக் கடலில் ஈரம் ஏற்றிக்கொண்டு நம் கரையில் இறக்கும். புயலும் அப்போதுதான் வரும். 2011 டிசம்பர் 30 தானே புயல் பண்ருட்டிப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் சாய்த்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. அதேபோல் நெய்வேலி. பழுப்பு நிலக்கரியில் ஈரம் அதிகம், சீக்கிரம் உதிரும், தூரம் கொண்டுபோனால் கட்டாது. அதனால் சுரங்கத்தின் வாசலிலேயே அனல் மின் நிலையம். நெய்வேலி நிலக்கரி நிறுவனம் தொடங்கியது 1956.

மாறுகிற விடைகளைத் தனி நோட்டில் எழுதுங்கள். உதாரணத்துக்கு இந்தியாவின் கடற்கரை நீளம் 7,516.6 கி.மீ. என்று தலைமுறை தலைமுறையாகப் படித்தோம். இப்போது அரசு தரும் எண் 11,098.81 கி.மீ. நிலம் ஒன்றும் வளரவில்லை. முன்பு பெரும்போக்கான வரைபடத்தில் அளந்தார்கள், இப்போது ஒவ்வொரு வளைவு நெளிவையும் நுணுக்கமாக அளந்திருக்கிறார்கள். பள்ளிப் புத்தகத்தில் பழைய எண் இருந்தால் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள், கேள்வியின் சொற்களைப் பார்த்து எது வேண்டும் என்று முடிவு செய்யலாம். ராம்சர் தளங்களின் (உலக அளவில் முக்கியமான ஈரநிலங்கள்) எண்ணிக்கையும் இப்படித்தான் நகர்ந்துகொண்டே இருக்கும். பிச்சாவரம் 2022-இல் சேர்ந்தது.

காரணமே இல்லாத சிலவும் உண்டு. கடக ரேகை எந்த எட்டு மாநிலங்கள் வழியாகப் போகிறது என்பதற்கு என்ன காரணம் சொல்வது? அதற்குப் பள்ளி அட்லஸை விரித்து, குஜராத்தில் விரலை வைத்து மிசோரம் வரை இழுங்கள். பத்து நாள் இழுத்தால் கை சொல்லும்.

நேரத்தைப் பற்றி: குரூப் 4-இல் 200 கேள்வி, 300 மதிப்பெண். அதில் பாதி தமிழ். தமிழ்ப் பகுதியில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மீதி விடைத்தாளைத் திருத்தவே மாட்டார்கள், அதனால் பொது அறிவின் மேல் ஆசைப்பட்டுத் தமிழைக் கைவிட்டுவிடாதீர்கள். பொது அறிவுக்கு 75 கேள்வி, கணக்குக்கு 25. ஆறாம் வகுப்பு முதல் பத்து வரைக்குமான சமூக அறிவியல் புத்தகங்களை ஒருமுறை கதை படிப்பதுபோல் நிதானமாகப் படியுங்கள், அடிக்கோடு போடாமல். அப்புறம் பழைய வினாத்தாள்களை எடுங்கள். கூற்று, காரணம் என்று வருகிற கேள்விகளை முதலில் போட்டுப் பாருங்கள், அங்கேதான் ஒரு வரி மனப்பாடம் கைவிடும். அந்த வினா விடைப் புத்தகத்தைத் தூக்கி எறிய வேண்டாம், கடைசி மாதத் திருப்புதலுக்கு அது நல்ல பொருள்.

முடிந்தால் இந்த வாரமே ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் மாவட்டத்தில் ஓடும் ஆறு எங்கே பிறக்கிறது, எந்தெந்த மாநிலம் வழியாக வருகிறது, எந்த அணை இருக்கிறது, வழக்கு ஏதும் நடக்கிறதா என்று ஒரு பக்கம் எழுதுங்கள். எங்கள் தென்பெண்ணையை எடுத்தால் கர்நாடகத்து நந்தி மலை, கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை, மாநிலங்களுக்கு இடையிலான நதிநீர்த் தகராறு, உறுப்பு 262, 1956 சட்டம் என்று வரிசையாக வரும். எழுதியதைக் கீழே கருத்தில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.