சபையா, கிளப்பா?

அன்புள்ள ஐயா,

எனக்குச் சொந்த ஊர் நாசரேத். பிறந்ததிலிருந்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). கல்யாணமாகி பென்சில்வேனியா வந்து ஒன்பது வருஷம். பக்கத்தில் தமிழ்ச் சபை இல்லாததால் தெருமுனையில் இருக்கும் எபிஸ்கோபல் கோயிலுக்கு (இங்கிலாந்து ஆங்கிலிக்கன் சபையின் அமெரிக்கக் கிளை) போகிறோம். ஆராதனை முறை ஏறக்குறைய நம்முடையதுதான். போன அக்டோபரில் அம்மா வந்திருந்தார்கள். அன்றைக்குப் பார்த்து பிராணிகளை ஆசீர்வதிக்கும் ஆராதனை. குருவானவர் (பெண்தான்) ஒரு லாப்ரடார் தலையில் கைவைத்து ஜெபம் பண்ணினார். இன்னொருவர் கூடையில் ஆமை கொண்டுவந்திருந்தார். வீட்டுக்கு வந்ததும் அம்மா, "மொத்தமே நாப்பது பேரு. ஜெபத்தைவிட காப்பி குடிக்கிற நேரம்தான் ஜாஸ்தி. இது சபையா, கிளப்பா?" என்றார்கள். எனக்குப் பதில் வரவில்லை. கனெக்டிகட்டில் மகள் வீட்டில் இருந்தபோது இப்படி ஒரு கோயிலுக்குப் போய்வந்ததாக நீங்கள் எழுதியிருந்தீர்கள். நீங்கள் கிறிஸ்தவர் இல்லை. வெளியிலிருந்து வந்தவர் கண்ணுக்கு அது எப்படித் தெரிந்தது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அம்மா கேட்டதில் தப்பில்லை. எனக்கும் முதலில் அதே சந்தேகம்தான் வந்தது.

நான் அங்கே முதலில் நுழைந்தது பக்தியால் அல்ல, குளிரால். பிப்ரவரி மாதம். மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விட்டால் பேச ஆள் கிடையாது. ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நடக்கப் போனவன், வெண்ணெய் வாசனை பிடித்து அந்தக் கோயிலின் ஹாலுக்குள் போய்விட்டேன். நம் பரோட்டாக் கல் அளவுக்கு ஒரு இரும்புத் தகட்டில் பான்கேக் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் சாம்பல் புதன். ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலம் விரத காலம் என்பதால் வீட்டிலிருக்கும் முட்டையையும் வெண்ணெயையும் முந்தின நாளே தீர்த்துவிடுவது பழைய வழக்கமாம். இப்போது லெந்துக்காக வெண்ணெயை விட்டவர் ஒருவரையும் நான் அங்கே பார்க்கவில்லை. பான்கேக் மட்டும் நிலைத்துவிட்டது.

மறுநாளும் போனேன். போன வருஷக் குருத்தோலை ஞாயிறன்று கையில் பிடித்த ஓலைகளைக் காயவைத்து, எரித்து எடுத்த சாம்பல் ஒரு சின்னக் கிண்ணத்தில் இருந்தது. முந்தின இரவு ஏப்ரன் கட்டிக்கொண்டு எனக்கு இரண்டாவது பான்கேக் வைத்த அதே கை, என் நெற்றியில் சாம்பலால் சிலுவை இழுத்து, நான் மண் என்றும் மண்ணுக்கே திரும்புவேன் என்றும் சொன்னது. திருநீறு பூசிப் பழகிய நெற்றி; எனக்கு அதில் கூச்சமில்லை. ஆனால் ஒன்று தெளிந்தது. எந்தக் கிளப்பிலும் உறுப்பினரைப் பார்த்து 'நீ மண்' என்று சொல்லிவிட்டுச் சந்தா வாங்க முடியாது.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. பேராயரைக் (பிஷப்பை) குறிக்கும் எபிஸ்கோபொஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்கு மேற்பார்வையாளர் என்று பொருள். அம்மாவின் பழைய தமிழ் வேதாகமத்தில் அது 'கண்காணி'. (தேயிலைத் தோட்டத்துக் கங்காணியும் அதே சொல்தான் என்பது தமிழின் குறும்பு.) அமெரிக்கா விடுதலை பெற்றபோது இந்தச் சபைக்குக் கண்காணியே, அதாவது பேராயரே, இல்லை. கனெக்டிகட் குருமார்கள் 1783-ல் சாமுவேல் சீபரியைத் தேர்ந்தெடுத்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அரசருக்கு விசுவாசப் பிரமாணம் செய்யாமல் அபிஷேகம் கிடையாது என்றார்கள் அங்கே. அரசரை உதறிய நாட்டிலிருந்து போனவர் எப்படிச் செய்வார்? ஸ்காட்லாந்துக்குப் போய் 1784 நவம்பர் 14 அன்று அபர்டீனில் அபிஷேகம் பெற்றுக்கொண்டு திரும்பினார். நம் பக்கம் ஆங்கிலிக்கன் பேராயர் வரிசையில் ஓர் இந்தியர் வர 1912 ஆனது. அவர் உங்கள் மாவட்டத்து வெள்ளாளன்விளையில் பிறந்த வி.எஸ். அசரியா. 1947-ல் சி.எஸ்.ஐ. உருவானபோது ஆங்கிலிக்கன் முறையும் அதில் கலந்தது. அம்மாவுக்கு அங்கே ஆராதனை அந்நியமாகப் படாததற்குக் காரணம் அதுதான். இரண்டு வீட்டு ஜெபப்புத்தகமும் ஒரே பாட்டியின் பேத்திகள்.

வீட்டு நிர்வாகம் மட்டும் வேறு. நம் ஊரில் குருவானவரைப் பேராயம் மாற்றும். அங்கே சபையார் தேர்ந்தெடுக்கும் 'வெஸ்ட்ரி' என்ற குழுதான் பேராயரின் சம்மதத்தோடு குருவானவரை அழைக்கிறது. கூரை ஒழுகினால் பணம் தேடுவதும் அவர்கள் தலையில்தான். சபைத் தேர்தல் என்றதும் அம்மாவுக்குக் கோர்ட்டு வாசல் நினைவுக்கு வரலாம். நான் பார்த்த கூட்டம் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அதில் அரை மணி பாய்லரைப் பற்றியது.

அந்தக் கோயிலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் பீடத்துக்குப் பின்னால் இருந்த சின்ன அறை. சனிக்கிழமை காலையில் வயதான பெண்கள் மூன்று பேர் வந்து திருவிருந்துத் (அப்பமும் ரசமும் பகிரும் சடங்கு) துணிகளைத் துவைத்து இஸ்திரி போடுவார்கள். அங்கே இரண்டு தொட்டிகள். ஒன்று சாதாரணம். இன்னொன்றில் ஊற்றும் தண்ணீர் சாக்கடைக்குப் போகாது. குழாய் நேராக மண்ணுக்குள் இறங்குகிறது. பாத்திரத்தையும் துணியையும் முதலில் அலசும் தண்ணீர் அதில்தான். அபிஷேகத் தண்ணீரை மிதிக்கவிடாத ஊரில் வளர்ந்தவனுக்கு இதை விளக்கவேண்டிய தேவையே இருக்கவில்லை.

சொல்ல வந்தது பெரிய வியாழனை, இயேசு சீடர்களின் காலைக் கழுவியதை நினைவுகூரும் நாளை. இரவு ஏழு மணி. முன்னால் ஒரு நாற்காலி, எனாமல் ஜக், பேசின், மடித்த துண்டுகள். விருப்பமுள்ளவர்கள் வரலாம் என்றார்கள். வேடிக்கை பார்க்கத்தான் போயிருந்தேன். பக்கத்திலிருந்த கிழவர் என் முழங்கையைத் தொட்டு எழுப்பிவிட்டார். ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியன், எண்பதைத் தாண்டியவர், கை நடுங்கும். காலுறையைக் கழற்றும்போதுதான் கட்டைவிரல் பக்கம் ஓட்டை இருப்பது தெரிந்தது. அவர் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மண்டியிட்டார். வெதுவெதுப்பான தண்ணீர். பாதத்தைத் தன் தொடைமேல் வைத்து விரலிடுக்கு விடாமல் துடைத்தார். பெரியவர்கள் நம் காலைத் தொட்டால் ஆயுசு குறையும் என்பாள் என் அப்பத்தா. நான் எழுந்துவிடப் பார்த்தேன். அவர் கணுக்காலை விடவில்லை. பிறகு நாற்காலியில் அவர் உட்கார்ந்தார். நான் கீழே உட்கார்ந்தேன். அவர் குதிகாலில் வெடிப்பு இருந்தது, என் அப்பாவுக்கு இருந்ததைப் போல.

அதன்பின் ஒருவரும் பேசவில்லை. பீடத்தில் இருந்த விரிப்பு, மெழுகுவர்த்தி, பாத்திரம் என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போனார்கள். வெறும் மரம் மிஞ்சியது. விளக்கை அணைத்தார்கள். வழக்கமான காப்பிகூடக் கிடையாது. அவரவர் கோட்டை எடுத்துக்கொண்டு இருட்டில் வெளியேறினோம்.

பின்னொரு நாள் நியூயார்க்கில் புனித பவுல் சிற்றாலயத்துக்கு மகள் கூட்டிப்போனாள். டிரினிட்டி சபையைச் சேர்ந்தது, 1766-ல் திறந்தது. ஜார்ஜ் வாஷிங்டன் 1789-ல் பதவியேற்ற அன்று அங்கேதான் வழிபட்டார். 2001 செப்டம்பரில் எதிரே உலக வர்த்தக மையக் கோபுரங்கள் விழுந்தபின், இடிபாடு அள்ளியவர்கள் பல மாதங்கள் அந்த பெஞ்சுகளில்தான் படுத்தார்கள், அங்கேதான் சாப்பிட்டார்கள். வாஷிங்டனுக்கு உரிய இருக்கைக் கூண்டில் பாத மருத்துவர்கள் உட்கார்ந்து, தீயணைப்பு வீரர்களின் கொப்புளம் கண்ட கால்களுக்கு மருந்து போட்டார்கள். டிரினிட்டி பெரும் பணக்காரச் சபை, உங்கள் நாற்பது பேர் கோயிலோடு ஒப்பிடக் கூடாதுதான். ஆனாலும் எனக்கு எனாமல் ஜக்தான் நினைவுக்கு வந்தது.

நாய்க்கு வருகிறேன். அசிசி பிரான்சிஸின் நாளான அக்டோபர் 4-ஐ ஒட்டி அது நடக்கிறது. நான் இருந்த மாதங்களில் வரவில்லை. ஆனால் துணி இஸ்திரி போட்ட பெண்களில் ஒருவருக்கு வீட்டில் இருந்த ஒரே உயிர் கண் மங்கிய ஒரு கிழநாய். அதன் பெயரைக் கேட்டு ஒருவர் ஜெபம் பண்ணினால் அந்த அம்மாவுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப்பார்க்கிறேன். ஆமைக்கு என்னிடம் பதில் இல்லை.

காப்பிக்கு இருக்கிறது. மட்டமான காப்பி, அதை அம்மா சொன்னால் நானும் கையெழுத்துப் போடுவேன். ஆனால் உங்கள் ஊரில் அசனத்துக்கு அண்டா அண்டாவாகச் சோறு வடித்து, ஆட்டுக்கறிக் குழம்பு வைத்து, வருகிறவர் எந்தச் சாதி, எந்த மதம் என்று கேட்காமல் பந்தி போடுகிறார்களே, அதை அம்மா கிளப் என்பார்களா? ஹால் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கும், யார் எந்த வாரம் சாப்பாடு கொண்டுவருவது என்று. அடுத்த முறை அம்மா வரும்போது அதில் அவர்கள் பெயரை எழுதிவிடுங்கள். நாற்பது பேர்தானே, அம்மாவுக்கு அது ஒரு அடுப்பு வேலை. காரத்தை மட்டும் கொஞ்சம் பார்த்துப் போடச் சொல்லுங்கள்.