ஏற்கெனவே தூங்கும் சாதனத்தை சிஸ்டம் சஸ்பெண்டில் மறுபடி தூங்க வைக்க வேண்டுமா?

திருமங்கலம் பக்கம் கிணற்று நீர்மட்டம் அளக்க லினக்ஸ் போர்டு வைத்திருக்கிறீர்கள். சென்சார் ரன்டைம் சஸ்பெண்டில் (சிஸ்டம் ஓடும்போதே, வேலையில்லாத சாதனம் மட்டும் தூங்கும் நிலை) இருக்கும்போது மொத்த சிஸ்டமும் சஸ்பெண்டுக்குப் போனால் டிரைவர் (சாதனத்தை இயக்கும் மென்பொருள்) என்ன செய்ய வேண்டும் என்பது உங்கள் கேள்வி.

பெரும்பாலும் அப்படியே விட்டுவிடலாம். பார்க்க வேண்டியது எழுப்பும் அமைப்பை. ரன்டைமில் தூங்கும் சாதனம், வேலை வந்தால் எழ வேண்டும். அதனால் அதன் இன்டரப்ட் (கவனிக்கச் சொல்லும் சிக்னல்) திறந்தே இருக்கும். ஆனால் சிஸ்டம் தூங்கும்போது அது யாரையும் எழுப்பக் கூடாது என்று நீங்கள் வைத்திருக்கலாம். இரண்டும் வேறுபட்டால், முதலில் சாதனத்தை எழுப்பி, புதிய அமைப்போடு தூங்க வையுங்கள்.

வேறுபாடு இல்லையா? சரி, பிரிப்பேர் கால்பேக்கில் (சஸ்பெண்டின் தொடக்கத்தில் கெர்னல், அதாவது லினக்ஸின் மையப்பகுதி, அழைக்கும் டிரைவர் ஃபங்ஷன்) 1 திருப்பி அனுப்புங்கள். அதன் கீழுள்ள சாதனங்களும் இதே நிலையில் இருந்தால், மீதிக் கட்டங்களை கெர்னலே தாண்டிவிடும். 2014இல், லினக்ஸ் 3.16 பதிப்பில் வந்த அருமையான வசதி இது.

பலர் மாட்டிக்கொள்வது கிளாக்கில்தான், அதாவது சாதனத்துக்குப் போகும் துடிப்பு சிக்னலில். ரன்டைமில் ஒருமுறை அணைத்ததை சஸ்பெண்ட் கால்பேக்கில் மறுபடி அணைத்தால், கெர்னல் எச்சரிக்கைகளைக் கொட்டும். பிஎம் ரன்டைம் ஃபோர்ஸ் சஸ்பெண்ட் என்ற ஃபங்ஷன் நிலையைப் பார்த்துவிட்டே வேலை செய்யும், அதையே பயன்படுத்துங்கள்.

அப்புறம், சஸ்பெண்ட் கால்பேக்குக்கு அடுத்து வரும் சஸ்பெண்ட் லேட் கட்டத்தில் கெர்னல் ரன்டைம் மேலாண்மையை முடக்கிவிடும். எழுப்ப வேண்டியதை அதற்கு முன்பே எழுப்பிவிடுங்கள்.