‘லாச்சம் வரகு’ பயிரல்ல, தங்கச்சி

கேள்வி: கலைப்பிரிவில் பட்டம் முடித்து ஒன்றரை வருடமாகிறது. ஆங்கிலம் நன்றாக வரும், தமிழ் தாய்மொழி. அரச நியமனத்துக்குக் காத்திராமல் மொழிபெயர்ப்பைத் தொழிலாகச் செய்யலாம் என்று யோசிக்கிறேன். சிங்களம் தெரியாது, அது தேவைப்படாது என்று நினைக்கிறேன். "கூகிளே எல்லாம் செய்யுது, உனக்கு ஆர் காசு தரப்போகினம்?" என்கிறார் அண்ணா. "அபிவிருத்தி உத்தியோகத்தர் வேலைக்குக் கூப்பிடுவினம், பொறு" என்கிறார் அம்மா. என் முயற்சி சரிதானா? அதற்கு வேறு என்ன தகுதி வேண்டும்?
– பெயர் வேண்டாம், கோண்டாவில்

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தை அச்சுக்குக் கொடுக்குமுன் மூன்று சொற்களைத் திருத்தினேன். ‘ஒன்றறை’, ‘முயற்ச்சி’, ‘அதற்க்கு’. ஒன்றரை வருடத்தில் அறை எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. பகிடிக்குச் சொல்லவில்லை. "ஆங்கிலம் நன்றாக வரும், தமிழ் தாய்மொழி" என்று எழுதியிருக்கிறீர்களே, அதில் ஆங்கிலத்துக்கு ஒரு தரம் போட்டிருக்கிறீர்கள், தமிழுக்கு உறவுமுறை மட்டும்தான் சொல்லியிருக்கிறீர்கள். தாய்மொழி என்பது அடுத்த வீட்டாரோடு வேலிக்குச் சண்டை பிடிக்கப் போதும். காசு வாங்கி எழுத அதுவே தகுதி என்று யார் சொன்னது?

அண்ணா சொல்வதில் பாதி சரி. மின்னஞ்சல், விளம்பரம், கைபேசியோடு வரும் கையேடு, இதற்கெல்லாம் இனி ஒருவரும் உங்களைத் தேடி வரமாட்டார்கள். ஆனால் யாழ்ப்பாணத்தில் மொழிபெயர்ப்பாளரின் மேசைக்கு வருகிறவை எவை என்று அண்ணா ஒருநாள் போய்ப் பார்க்கட்டும். பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, மரணச் சான்றிதழ், சத்தியக் கடதாசி, காணி உறுதி. ‘உறுதி’ என்றால் தமிழ்நாட்டில் நிச்சயம், திடம். எங்களுக்கு அது அலுமாரிக்குள் துணியில் சுற்றி வைத்திருக்கும் காணிப் பத்திரம். உறுதி முடிக்கும் நொத்தாரிசும், அலுவலகம் என்கிற கந்தோரும் ஒல்லாந்தர் விட்டுப்போன சொற்கள். பழைய உறுதிகளில் வரும் தோம்பு, அதாவது காணிப் பதிவேடு, அவர்களுக்கும் முந்திப் போர்த்துக்கேயரோடு வந்தது. இதை எல்லாம் எந்த அகராதியில் தேடப்போகிறீர்கள்?

பழைய உறுதி ஒன்றை எடுத்தால் ‘4 லாச்சம் வரகு, 9 குழி’ என்று காணியின் அளவு இருக்கும். ஒரு பட்டதாரித் தம்பி இதைப் பார்த்துவிட்டு அந்தக் காணியில் வரகு பயிரிடப்பட்டதாக ஆங்கிலத்தில் எழுதி வைத்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அது பயிர் இல்லை, அளவு. எவ்வளவு விதை விதைக்கலாம் என்பதை வைத்து நிலத்தை அளந்த காலத்துக் கணக்கு. நெல்லு லாச்சமும் வரகு லாச்சமும் ஒரே அளவும் அல்ல. 16 பரப்பு ஓர் ஏக்கர் என்று சின்ன வயதிலேயே தெரிந்தவர்கள்கூட லாச்சத்தில் தடுக்கி விழுவார்கள். அதற்குக் கீழே ‘பங்குக் கிணற்றில் தண்ணீர் அள்ளவும், வழி வாய்க்காலால் போக்குவரத்துச் செய்யவும் உரித்து’ என்று ஒரு வரி வரும், அந்த வரியை அரைகுறையாக விளங்கி எழுதினால் நாளைக்கு ஒரு குடும்பம் கிணற்றடிக்குப் போக முடியாமல் வழக்கு நடத்தும். முதுசொம் (பரம்பரையாக வந்தது), சீதனம் (கலியாணத்தில் பெண்ணுக்குக் கொடுத்தது), தேடியதேட்டம் (கலியாணத்துக்குப் பிறகு தேடியது) மூன்றையும் ‘சொத்து’ என்று ஒரே சொல்லில் போட்டு மூடிவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையில் அவை மூன்று வேறு உரிமைகள். எது யாருக்குப் போகும் என்பதே அந்தச் சொல்லில்தான் தங்கியிருக்கிறது.

தேசவழமை என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. 1707இல் எங்கள் வழக்கங்களைக் கேட்டுத் தொகுத்து எழுதியவர் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரி, எழுதியது ஒல்லாந்த மொழியில். பிறகு அதைத் தமிழாக்கி 12 முதலியார்மாரிடம் கொடுத்து, இது உங்கள் வழக்கந்தானா, சரி பார்த்துச் சொல்லுங்கள் என்றார்கள். எங்கள் சொந்தச் சட்டத்தையே நாங்கள் மொழிபெயர்ப்பில்தான் வாசித்தோம் என்பது ஒரு பக்கம் கிடக்கட்டும். ஒருவர் எழுதியதை 12 பேர் இருந்து பார்த்தார்கள், அதைக் கவனியுங்கள். பஸ்ஸில் கர்ப்பிணித் தாய்மாருக்கான ஆசனத்தில் ‘நாய்மார்’ என்று எழுதி வைத்த கூத்து நாட்டுக்கே தெரியும். மொழிபெயர்த்தவர் அநேகமாகச் சரியாகத்தான் எழுதிக் கொடுத்திருப்பார். ஒட்டுவதற்கு முன் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஓர் ஆள் பார்க்கவில்லை. எழுதியதைத் திரும்ப வாசிப்பது, இன்னொருவரைக் கொண்டு வாசிப்பிப்பது, இதைத் தொழிலின் பாதி என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கடிதத்தை நீங்கள் திரும்ப வாசிக்கவில்லை.

என் வீட்டுக் கதையும் ஒன்று உண்டு. அம்மாவின் கனடா விசாவுக்காகப் பிறப்புச் சான்றிதழை மொழிபெயர்க்கக் கொடுத்தோம். மொழிபெயர்த்தவர் நல்ல படிப்பாளி. அதுதான் பிழையாகப் போனது. தாத்தாவின் பெயரைக் கடவுச்சீட்டில் உள்ளபடி எழுதாமல், உச்சரிப்புக்குச் சரியான எழுத்து இதுதான் என்று தன் புலமையைக் காட்டி எழுதிவிட்டார். தூதரகத்துக்குத் தாத்தா இரண்டு பேராகிவிட்டார். கோப்பு திரும்பி வந்தது, இரண்டு பெயரும் ஒரே ஆள் என்று சத்தியக் கடதாசி முடித்து மறுபடி அனுப்ப நான்கு மாதம் போனது. படிப்பை அடக்கி வைப்பதும் ஒரு திறமைதான், அதை எந்தப் பல்கலைக்கழகமும் சொல்லித் தருவதாகத் தெரியவில்லை.

உரைபெயர்ப்பு, அதாவது பேசுவதை உடனுக்குடன் சொல்வது, இன்னும் பொல்லாதது. எனக்குத் தெரிந்த ஒரு பையன் அகதி விசாரணையில் "அக்கா வீட்டிலை ஒளிச்சிருந்தனான்" என்றான். உரைபெயர்த்தவர் எங்கள் தமிழர்தான், உடன்பிறந்த சகோதரி என்று சொல்லிவிட்டார். முதலில் நிரப்பிய படிவத்தில் சகோதரிகள் யாரும் இல்லை. பொய் சொல்கிறான் என்று அதிகாரி எழுதிவிட்டார். அந்த அக்கா பெரியம்மாவின் மகள். "கூடப் பிறந்தவவோ?" என்று ஒரு கேள்வி கேட்டுத் தெளிவுபடுத்தலாமா என்று அதிகாரியிடம் அனுமதி கேட்டிருந்தால் அந்தப் பையனின் மேன்முறையீட்டு அலைச்சல் முழுவதும் மிச்சம். சந்தேகம் வந்த இடத்தில் வாயைத் திறந்து கேட்கக் கூச்சப்படுகிறவர்களுக்கு இந்தத் தொழில் சரிவராது. நீங்கள் எப்படி என்று உங்களுக்குத்தான் தெரியும்.

சரி, சிங்களத்துக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் எனக்கு உண்மையாகக் கோபம் வந்த வரி அதுதான். 1956இல் சிங்களம் மட்டும் என்று சட்டம் போட்டார்கள், 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்றது, அடுத்த வருடம் 16ஆவது திருத்தம் நிர்வாகத்திலும் நீதிமன்றத்திலும் மொழி உரிமையை விரித்தது. சட்டப்படி குறையில்லை. ஆனால் சுற்றறிக்கை இன்றைக்கும் சிங்களத்தில் முதலில் வருகிறது, தமிழ்ப் பிரதி பின்னால் நடந்து வருகிறது, சில வேளை வருவதே இல்லை, ஏனென்றால் எழுத ஆள் இல்லை. சிங்கராசா வழக்கைத் தேடி வாசியுங்கள். 1993இல் கைதான தமிழ்த் தொழிலாளி. வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டது, இடையில் நின்று மொழிபெயர்த்தவர் ஒரு பொலிஸ் கான்ஸ்டபிள், அடியில் இவருடைய பெருவிரல் அடையாளம். தீர்ப்பு 50 வருடம், மேன்முறையீட்டில் 35. சுயாதீனமான மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் எடுத்த அந்த வாக்குமூலத்தை வைத்து நடந்தது நியாயமான விசாரணை அல்ல என்று 2004இல் ஐ.நா. மனித உரிமைக் குழு சொன்னது. இந்த நாட்டில் தமிழ்ப் பிள்ளை ஒன்று மொழிபெயர்ப்பாளராகப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, சிங்களம் தேவைப்படாது என்றும் சொன்னால் நான் என்ன பதில் எழுதுவது? ஆங்கிலம்–தமிழ் செய்ய இங்கே ஒழுங்கைக்கு ஒருவர் இருக்கிறார். மூன்றும் தெரிந்தவரைத்தான் விளக்கு வைத்துத் தேட வேண்டியிருக்கிறது.

அம்மாவைக் குறை சொல்லமாட்டேன். 2017இல் யாழ்ப்பாணக் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) முன்னால் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் போராட்டம் இருந்ததையும் அவர் பார்த்திருப்பார், 2020இல் மாதம் 20,000 ரூபா கொடுப்பனவோடு பயிலுநர்களாக எடுத்ததையும் பார்த்திருப்பார். விண்ணப்பம் கோரினால் போடுங்கள், போட்டுவிட்டு மறந்துவிடுங்கள். காத்திருக்கும் நேரத்தில் சிங்கள எழுத்துப் படிக்கலாம், அதை ஒருவரும் தடுக்கவில்லை.

முடிவு சரியா என்று கேட்டீர்கள். தொழில் சரி. நீங்கள் சரியா என்பதை ஒன்றரைப் பக்கத்தில் சொல்லிவிட முடியாது, ஆகவே ஒரு வேலை தருகிறேன். வீட்டில் உள்ள மிகப் பழைய உறுதியை அம்மாவிடம் கேட்டு வாங்கிப் பிரதி எடுங்கள். பெயர்களை மறைத்துவிட்டு, எல்லையும் உரித்தும் வரும் பகுதியை மட்டும் ஆங்கிலத்தில் எழுதுங்கள். இரண்டு நாள் கழித்து, மூலத்தைப் பாராமல், உங்கள் ஆங்கிலத்தைத் திரும்பத் தமிழாக்குங்கள். அப்புறம் இரண்டு தமிழையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், கிணறு இருந்த இடத்திலேயே இருக்கிறதா என்று. மூன்றையும் கையால் எழுதித் தபாலில் அனுப்பினால் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்புவேன், கோபிக்கக் கூடாது. அண்ணா கூகிளில் செய்ததையும் கூடவே வைத்து அனுப்பட்டும்.