பீலித் தண்ணீரில் நீலோற்பலம் பூக்குமா?

ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி கேட்கிறார்: "பாதியாக வெட்டிய பெரலில் நீலோற்பலம் வைத்து, பீலியிலிருந்து (மலை ஊற்று நீர் விழும் இடத்திலிருந்து) குழாய் இழுத்துத் தண்ணீர் எப்போதும் ஓடும்படி விட்டிருக்கிறேன். ஒரு வருடமாகச் சின்னச் சின்ன இலைதான் வருகிறது, மொட்டே இல்லை. உரம் போதவில்லையா?"

உரத்தில் குறையில்லை சகோதரி, தண்ணீர்தான் குளிர்கிறது. நீலோற்பலம் சூடான, அசையாத குளத்துச் செடி. பகல் முழுக்க வெயில் ஏற்றி வைக்கும் சூட்டை ஓடும் பீலித் தண்ணீர் அப்படியே அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. முதல் வேலையாகக் குழாயை எடுத்துவிடுங்கள். தண்ணீர் வற்றும்போது மட்டும், வாளியில் பிடித்து வெயிலில் வைத்ததை ஊற்றினால் போதும்.

பெரலைக் கூரை நிழலிலிருந்து நகர்த்தி, தினம் ஆறு மணி நேரமாவது வெயில் விழும் சுவர் ஓரமாக வையுங்கள். கறுப்புப் பெரல் என்றால் இன்னும் நல்லது, சூட்டை இழுக்கும். மண்ணுக்கு மேல் ஒரு சாண் தண்ணீர் போதும். ஆழம் கூடினால் அடியில் சூடு ஏறாது. அப்படிச் செய்தாலும் மே முதல் செப்டம்பர் வரை, மழையும் பனிமூட்டமுமாக இருக்கும் மாதங்களில், பூவை எதிர்பார்க்காதீர்கள். மாசி, பங்குனி வெயில்தான் உங்கள் பக்கத்துக்குக் காலம். பண்டாரவளை, பதுளைக்காரர்களுக்கு இது சுலபம். நுவரெலியாவில் வைக்கச் சொல்லி நான் யாருக்கும் சொல்வதில்லை.

மண் விஷயம். கொம்போஸ்ட் போட்டிருந்தால் மாற்றுங்கள், அது அழுகிப் பாசி பிடிக்கும். களிமண்ணான வயல் மண்ணே சரி. கிழங்கின் குருத்து மண்ணுக்கு வெளியே தெரிய வேண்டும்.

ஓட்டம் நின்றதும் நுளம்பு வரும். நாலைந்து கப்பி மீன் விடுங்கள், முட்டைப் புழுவைத் தின்றுவிடும். நுளம்பு பெருகுகிறதா என்று பார்க்கப் பீ.எச்.ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்தாலும் பயமில்லை. ஆனால் அந்த மீனை ஆற்றில் விடக் கூடாது.

அப்புறம், பூத்ததும் நிறத்தைப் பாருங்கள். 1986இல் நம் தேசிய மலராக அறிவிக்கப்பட்ட நீலோற்பலம் வெளிறிய வான நீலம். நல்ல அடர்ந்த ஊதா என்றால் அது பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த கலப்பினம். கடைகளில் இரண்டும் ஒரே பெயரில்தான் விற்கிறார்கள். ஊதாப் பூவும் அழகுதான், வீட்டில் இருக்கட்டும். ஆனால் அதன் கிழங்கு ஒன்றுகூட ஓடைக்கோ குளத்துக்கோ போகக் கூடாது. அங்கே பரவி நம் சொந்தப் பூவின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மிஞ்சிய கிழங்கை வெயிலில் நன்றாகக் காயவைத்து எரித்துவிடுங்கள்.