பழைய ரத்தக்காட்டேரி காமெடிப் படங்களில் அப்படி என்னதான் இருக்கிறது?

யாரும் கேள்விப்படாத பழைய டிராகுலா காமெடிகளைத் தேடிப் பிடித்துப் பார்ப்பவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு ஆள் இருக்கிறார் போல. எங்கள் வீட்டில் அது நான்தான். மச்சான் என்னைக் 'காட்டேரி' என்றுதான் கூப்பிடுவார்.

எனக்குப் பிடித்த படம் 'மதர் ரைலி மீட்ஸ் த வாம்பயர்', 1952, பிரிட்டிஷ் படம். நல்ல படம் என்று நான் சொல்லவே இல்லை, சண்டைக்கு வராதீர்கள். 1931இல் டிராகுலாவாக மிரட்டிய பெலா லுகோசி, இதில் தன்னை ரத்தக்காட்டேரி என்று நம்பும் விஞ்ஞானி. அவருக்கு வர வேண்டிய ரோபோ பார்சல், லேபிள் மாறி ஒரு கிழவி வீட்டுக்குப் போய்விடும். கிழவியாக வருவது ஆர்தர் லூக்கன் என்ற ஆண்.

அப்பாவுக்கு ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் ராத்திரி, ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மொபைலில் பார்த்துக்கொண்டிருந்தேன். தூங்குகிறார் என்று நினைத்த அப்பா, "யார்ரா அது, ஸ்திரீபார்ட்டா?" என்றார். ஆண்களே பெண் வேஷம் கட்டும் ஸ்திரீபார்ட் நாடகங்களை விடிய விடிய பார்த்து வளர்ந்தவர். கிழவி பாவாடையைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஓட்டத்திலேயே ஆண் என்று கண்டுபிடித்துவிட்டார். தையல் இழுக்கும் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டே சிரித்தார்.

லுகோசி வந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார். "இந்த ஆளு நிஜமாவே மிரட்டுறான்டா" என்றார்.

எனக்குப் பிடித்ததும் அதுதான். சுற்றிலும் கூத்தடிக்கிறார்கள், கதை எங்கேயோ போகிறது, அந்த மனுஷன் மட்டும் இருபது வருஷத்துக்கு முந்தைய அதே பார்வையைக் கொஞ்சமும் குறைக்காமல் பார்க்கிறார். முந்தைய வருஷம்தான் இங்கிலாந்து முழுக்க டிராகுலா நாடகம் போட்டுவிட்டு, ஊர் திரும்பும் முன் இதில் நடித்தார். 1956இல் இறந்தபோது ஒரு டிராகுலா அங்கியோடுதான் புதைத்தார்கள். 'நானும் சும்மா கிண்டலுக்குத்தான்' என்று கண்ணடிக்கும் இப்போதைய பேய்க் காமெடிகளில் எனக்கு இது கிடைப்பதில்லை.

சரி, தேடுவதாக இருந்தால் 'மை சன், த வாம்பயர்' என்றும் போட்டுப் பாருங்கள். அமெரிக்காவில் பிற்பாடு வைத்த பெயர் அது. அதில் மகன் எங்கே வந்தான் என்று என்னைக் கேட்காதீர்கள்.