கல்யாணப் பத்திரிகையில் மெல்லிய கையெழுத்து ஃபாண்ட்: எங்கே போடலாம், எங்கே கூடாது?

கேள்வி: தங்கையின் கல்யாணப் பத்திரிகையை நானே டிசைன் செய்கிறேன். ‘கிரேட் வைப்ஸ்’ என்ற ஆங்கிலக் கையெழுத்து ஃபாண்ட் ரொம்பப் பிடித்துவிட்டது. கணினியில் அழகாக இருந்தது, சாம்பிள் பிரிண்டில் எழுத்து அங்கங்கே அறுந்து தெரிகிறது. தமிழ் வரிக்கு அதையே போட்டால் சுருள் சுருளாக ஏதோ ஆங்கில எழுத்து வருகிறது. என் பிளவுஸ் தையல் கடை போர்டுக்கும் இதை வைக்கலாமா? - வாசகி, திருச்சி.

பதில்: நல்ல ஃபாண்டைத்தான் பிடித்திருக்கிறீர்கள். ராபர்ட் லூஷ்கி வடிவமைத்தது, கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் இந்த வகை எழுத்து நாலைந்து சொல்லுக்குத்தான். மணமக்கள் பெயரை இதில் போடுங்கள், மற்றதை எல்லாம் வேறு ஃபாண்டுக்கு விட்டுவிடுங்கள்.

இதன் சாயல் கூர்முனை நிப் பேனாவிலிருந்து வந்தது. கீழே இழுக்கும்போது அழுத்தினால் நிப்பின் இரண்டு நுனியும் விரிந்து கோடு தடிக்கும். மேலே ஏற்றும்போது கை லேசாகிவிடுவதால் மயிரிழை போல மெலியும். அழகு முழுவதும் அந்தத் தடிப்புக்கும் மெலிவுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான். அச்சில் முதலில் அடிபடுவதும் அந்த மெலிவுதான்.

போதாக்குறைக்கு இதன் சின்ன எழுத்துகள் உயரத்தில் மிகவும் குட்டை. 12 பாயின்ட் வைத்தாலும் சாதாரண ஃபாண்டில் அதைவிடச் சின்ன அளவு வைத்தது போலத்தான் தெரியும். பெயர்களுக்கு 30 பாயின்டுக்குக் குறையாமல் வையுங்கள். அடுத்து நிறத்தைப் பாருங்கள். மெரூன் வேண்டுமென்று நான்கு வண்ணக் கலவையில் கொடுத்திருந்தால், அந்த மெரூன் சின்னச் சின்னப் புள்ளிகளாகத்தான் தாளில் விழும். தடித்த கோட்டில் அது தெரியாது. மயிரிழைக் கோட்டில் இரண்டு புள்ளிக்கு நடுவே இடைவெளி விழுந்து, கோடு அறுந்தது போல இருக்கும். உங்கள் சாம்பிளில் நடந்தது பெரும்பாலும் இதுதான். ஒரே மையில் அடிக்கும் ஸ்பாட் கலர் கேளுங்கள். அதற்குப் பிறகும் மெலிவாக இருந்தால், எழுத்தைச் சுற்றி அதே நிறத்தில் 0.25 பாயின்ட் அவுட்லைன் கொடுங்கள். கரும்பச்சை அட்டையில் வெள்ளை எழுத்து, சொரசொரப்பான தாள், தங்க ஃபாயில் இந்த மூன்றிலும் இன்னும் கொஞ்சம் தடிப்பு வேண்டும்.

பெயரை முழுக்க கேப்பிட்டலில் அடிக்காதீர்கள். ஒவ்வொரு பெரிய எழுத்துக்கும் தனித்தனிச் சுழிப்பு இருப்பதால் ஒன்றோடொன்று மோதிச் சிக்காகிவிடும். எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியையும் கூட்டாதீர்கள், இணைப்புக் கோடு விட்டுப்போகும். பிரஸ்ஸுக்கு அனுப்பும் ஃபைலில் எழுத்தை ‘கர்வ்ஸ்’ ஆக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக, மாற்றிவிடுங்கள்; அவர்கள் கணினியில் அந்த ஃபாண்ட் இல்லாவிட்டாலும் பாதகமில்லை. மாற்றிய பிறகு எழுத்துப்பிழை திருத்த முடியாது என்பதால் மாற்றாத ஃபைல் ஒன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

முகூர்த்த நேரம், மண்டப முகவரி, மொபைல் எண் இவற்றுக்கு இது வேண்டவே வேண்டாம். வாசலில் நின்று கண்ணாடி போடாமல் படிக்கிற பெரியவர்களை நினைத்துப் பாருங்கள்.

இனி தமிழ் வரி. உங்கள் தமிழ் ‘பாமினி’ போன்ற பழைய முறையில் டைப் ஆகியிருக்கிறது. அதில் கணினிக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகள்தான். பாமினி ஃபாண்ட் அவற்றின் மேல் தமிழ் உருவத்தைக் காட்டுகிறது, அவ்வளவே. ஃபாண்டை மாற்றியதும் உள்ளே இருந்தது சுருளோடு வெளியே வந்துவிட்டது. தமிழ் எழுத்துக்கென்றே தனிக் குறியீடு உள்ள யூனிகோடில் அடித்திருந்தாலும் பலன் இருந்திருக்காது, ஏனென்றால் கிரேட் வைப்ஸில் தமிழ் எழுத்தே கிடையாது. வரியை யூனிகோடுக்கு மாற்றி, இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வடிவமைத்த ‘கவிவாணர்’ ஃபாண்டைப் போட்டுப் பாருங்கள். சாய்ந்த, கையால் எழுதிய தோற்றம் உண்டு. இதுவும் கூகுள் ஃபாண்ட்ஸில் இருக்கிறது. டிசைன் செய்யும் மென்பொருள் கோரல் டிராவின் பழைய பதிப்பாக இருந்தால் கொம்பும் துணைக்காலும் இடம் மாறியிருக்கிறதா என்று ஒவ்வொரு வரியாகப் பாருங்கள்.

ஆங்கிலத்தைப் போலத் தமிழும் கோர்த்துக்கொண்டு ஓட வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஓலையில் எழுத்தாணியால் கீறிய எழுத்து இது. கோடு ஒரே தடிப்பில் போகும், ஒவ்வொரு எழுத்தும் தனியாக நிற்கும். அதை வற்புறுத்தி மெலிய வைத்தால் முதலில் காணாமல் போவது புள்ளி. ஃபாயிலில் சுழி அடைத்துக்கொண்டால் ண எது, ன எது என்று தெரியாது. பத்திரிகையில் ஒருவர் பெயர் தப்பாகத் தெரிந்தால் அந்தக் குடும்பம் அதைச் சீக்கிரம் மறக்காது. அதனால் தமிழுக்கு ஒரு சுற்று தடிப்பான ஃபாண்டே நல்லது.

கடை போர்டுக்கு வைக்க வேண்டாம். பஸ்ஸில் போகிறவர்களுக்கு மெல்லிய கோடு தெரியாது, எல்ஈடி எழுத்தாகச் செய்தால் அந்த மெலிவுக்குள் விளக்கு வைக்க இடமிருக்காது. நெய்த லேபிளிலும் வாட்ஸ்அப் டிபியின் சின்ன வட்டத்திலும் இதே கதிதான். துணிப்பையில், பில் புத்தகத்தின் தலைப்பில் பெரிதாகப் போடுங்கள், எடுப்பாக இருக்கும். கிரேட் வைப்ஸுக்கு ஓப்பன் ஃபாண்ட் லைசென்ஸ் இருப்பதால் கடைக்குப் பயன்படுத்தத் தடையில்லை. வேறு தளங்களில் இறக்கும் ஃபாண்டுகளில் ‘பர்சனல் யூஸ்’ என்று போட்டிருந்தால், அவற்றைக் கடைக்குப் பயன்படுத்தும் முன் உரிமத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டும்.